ஓடாத படத்தை மூன்று தடவை பார்த்தவர்

ஓடைப்பட்டி,
20.4.2025

மாப்பிள்ளை சுருளிராஜனுக்கு,

உன் அக்காள் அக்கம்மாளைக் கட்டிய பாவத்துக்கு நாற்பத்தெட்டு வருசமாக உன்னை மாப்பிள்ளை என்று கூப்பிடும் கருத்தக்கண்ணன் எழுதுவது. நான் சவுக்கியம். மார்கழியில் கண் ஆபரேசன் பண்ணினேன். இப்போது எறும்பு போவது தெரிகிறது, ஆணா பெண்ணா என்றுதான் தெரியவில்லை. காது மட்டும் போனது போனதுதான். உன் முதுகுவலி எப்படி? ஆண்டிபட்டியில் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது?

போனில் கேட்கலாமே என்பாய். போன் மருமகள் கையில் இருக்கிறது. காது கேட்காதவன் கத்தித்தான் பேசுவான். உன் பேரை நான் கத்தினால் தெருவே முத்துவீரனிடம் போய்ச் சொல்லிவிடும். என் மகனுக்கு இன்னும் உன்மேல் கோபம் ஆறவில்லை. அவன் புதுவீட்டுப் பால் காய்ச்சுக்குத் தாய்மாமன் நீ மேளத்தோடு சீர் கொண்டுவந்தாய். உன் பஸ் லேட்டு என்று அவன் மாமனார் வீட்டுச் சீரை முதலில் உள்ளே விட்டுவிட்டான். நீ தெருமுனையிலேயே தட்டுகளைத் திருப்பிக்கொண்டு போனாய். தப்பு அவனுடையது. ஆனாலும் நீ ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றிருக்கலாம். ஒன்பது வருசமாகிவிட்டது. அதனால் பதிலைச் சுயம்புலிங்கம் சைக்கிள் கடை விலாசத்துக்குப் போடு.

விசயம் இதுதான். போன ஆவணியில் குச்சனூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சினிமா எடுத்தார்கள் அல்லவா, 'ஆறு பொண்ணு ஒரே பந்தல்' என்று, அது வந்துவிட்டது. பட்டு வேட்டி, பட்டுச் சேலையோடு வந்தால் மூன்று வேளைச் சாப்பாடு என்றார்கள். எங்கள் ஊரே போய்க் கல்யாணக் கூட்டமாக உட்கார்ந்தது. முத்துவீரன் மீசையைப் பார்த்து முன்வரிசையில் போட்டார்கள். என்னை ஐந்தாவது வரிசையில் தூணுக்குப் பக்கம் ஒளித்து வைத்தார்கள்.

சின்னமனூரில் போய்ப் பார்த்தேன். படமா அது? முப்பது பேர் நடிக்கிறான், முப்பது பேரும் வழுக்கி விழுகிறான். விழுந்ததும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், அதுதான் சிரிக்கச் சொல்கிற உத்தரவாம். பந்தியில் இலையின் நுனியை வலது பக்கம் போட்டிருக்கிறான். தியேட்டரில் பதினொரு பேர் இருந்தோம். கரண்டு போனபோதுதான் எல்லாரும் சிரித்தோம்.

கடைசியில் ஒரே மேடையில் ஆறு தாலி கட்டுகிறார்கள். முன்னால் நாலு ஜோடி நடிகர்கள், பின்னால் ரெண்டு ஜோடி நம்ம பக்கத்துப் பிள்ளைகள். அந்தப் பின்னால் இருந்த ஒரு ஜோடிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குனிகிறாள். நம்ம யுவராணி சாடையாக இருந்தது. உன் பேத்தி சூட்டிங்குக்கு வந்தாளா? சும்மா கேட்கிறேன்.

வேல்விழிக்குத் தேனியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர் மகன், தமிழ்மாறன் என்று பேர், பேசி முடித்திருக்கிறான் முத்துவீரன். ஆனி இருபது வெள்ளிக்கிழமை நிச்சயம். என் பேத்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மழையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்
கருத்தக்கண்ணன்


ஆண்டிபட்டி,
11.5.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் வீட்டில் உள்ளோரும் நலம். தங்கள் கண் தெளிந்தது அறிந்து மிக்க மகிழ்ச்சி. என் முதுகுவலி, நெசவாளர் சங்கத்தில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய சம்பளம். அது என்னோடுதான் போகும். குடிதண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. வைகை அணையில் ஐம்பது அடிக்கு மேல் தண்ணீர் இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் குழாயில் காற்றுதான் வருகிறது. தங்கள் பக்கம் திராட்சை விலை எப்படி?

படம் நன்றாக இல்லை என்று இங்கும் சொன்னார்கள்.

வேல்விழிக்கு வரன் அமைந்த செய்தி அறிந்தேன். நிச்சயத் தேதி உறுதியாகிவிட்டதா? பெண்ணை உட்கார வைத்து வாய்விட்டுக் கேட்டார்களா? இந்தக் காலத்தில் அதுதான் முக்கியம். முத்துவீரனுக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

தங்கள் உடல்நலம் பேணவும்.

இப்படிக்கு,
சுருளிராஜன்


ஓடைப்பட்டி,
15.5.2025

மாப்பிள்ளைக்கு,

என் கடுதாசிக்கு இருபத்தோரு நாள் கழித்துப் பதில் எழுதியிருக்கிறாய். ஆண்டிபட்டிக்கும் ஓடைப்பட்டிக்கும் நடுவில் கடல் ஒன்றும் இல்லை. நான் சுகம், நீ சுகமில்லை என்று உன் எழுத்தே சொல்கிறது.

நான் முதுகைக் கேட்டேன், பதில் வந்தது. தண்ணீரைக் கேட்டேன், கேட்காத அணையைப் பற்றியும் சேர்த்து எழுதினாய். யுவராணி சூட்டிங்குக்கு வந்தாளா என்று கேட்டேன். அந்த இடத்தில் படம் நன்றாக இல்லை என்று ஒரே வரி. அது எனக்குத் தெரியாதா? பார்த்தவனே நான்தானே.

எனக்கு உறுத்தலாகிவிட்டது. தேனிக்குப் போய் ரெண்டாம் தடவை பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற பையன், "பெரியவரே, இந்தப் படந்தான், தெரியுமில்ல?" என்று கேட்டான். முன்னால் கோமாளிகள் உருண்டுகொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்தேன்.

கதாநாயகன் மூன்று முடிச்சையும் தானே போடுகிறான். சினிமாக்காரனுக்கு அவ்வளவுதான் தெரியும். மத்த நடிகர்களும் அப்படியே. ஆனால் பின்னால் இடது ஓரத்தில் தலைப்பாகை கட்டிய பையன் ஒரு முடிச்சுப் போட்டுக் கையை எடுக்கிறான். உடனே அந்தப் பெண் குனிந்து மிச்ச ரெண்டு முடிச்சையும் போடுகிறாள். நம்ம பக்கத்தில் நாத்தனார் போடுகிற முடிச்சு. டைரக்டர் சொல்லிக்கொடுத்திருந்தால் கதாநாயகனுக்கல்லவா முதலில் சொல்லியிருப்பான்? நடிக்க வந்த பிள்ளைக்கு எதற்கு அந்த அக்கறை?

முடிச்சைப் போட்ட கை இடது கை. யுவராணி சின்னதில் இடது கையால் சாப்பிட்டு உன் அக்காளிடம் அடி வாங்கியவள்.

அவள் நாத்தனார் என்றால் அந்தத் தலைப்பாகை யார்? மூஞ்சி தெரியவில்லை. ஒரு தடியன் நடுவில் நிற்கிறான். யுவராணிக்கு ஒரே அண்ணன் என்று எனக்கு ஞாபகம். பாண்டியராஜன் இப்போதும் தேனியில்தான் செல்போன் டவர் ஏறுகிற வேலை பார்க்கிறானா? அவனுக்குப் பெண் பார்த்தாயா?

மருந்தை நேரத்துக்குப் போடு.

சந்தேகத்துடன்
மச்சான்


ஆண்டிபட்டி,
5.6.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

இடது கைக்காரர்கள் ஊரில் பல பேர். யுவராணி பெரியகுளத்தில் புகுந்த வீட்டில் இருக்கிறாள். இப்படிச் சின்ன விஷயங்களுக்காக அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. கண் ஆபரேசன் செய்தவர்கள் அடிக்கடி தியேட்டருக்குப் போவது நல்லதல்ல என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

பாண்டியராஜன் வேலையில் இருக்கிறான்.

நிச்சயம் ஆனி இருபதுதானே? தேதி மாறினால் ஒரு வரி எழுதவும்.

இப்படிக்கு,
சுருளிராஜன்


ஓடைப்பட்டி,
7.6.2025

மாப்பிள்ளைக்கு,

நான் நலம், கண் அதைவிட நலம். டாக்டர் தியேட்டருக்குப் போகாதே என்று சொல்லவில்லை, வெங்காயம் உரிக்காதே என்றுதான் சொன்னார்.

மூன்றாம் தடவையும் பார்த்தேன், வேறு படம் கிடைக்காமல் ஒருத்தன் திரும்பப் போட்டிருந்தான். தியேட்டரில் நானும் ஒரு பூனையும். இந்த மாவட்டத்தில் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பதக்கம் கொடுக்கலாம்.

ஓமப்புகை ஒரு நிமிசம் விலகுகிறது. பின்னால் இருக்கிற அந்தப் பெண் தலையை நிமிர்த்துகிறாள். பக்கத்தில் இருக்கிற பையனைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்தைப் பார்க்கிறாள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. அப்படி உதட்டைக் கடிக்கிற பிள்ளை ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

பேரை எழுத மாட்டேன். நான் நினைக்கிற பிள்ளைதான் அது என்றால், தாலி ஏறிய கழுத்தை இன்னொருத்தன் வீட்டுக்கு நீட்டச் சொல்லப் போகிறோம். அது இல்லை என்றால், என் பல்லுப்போன வாயால் ஒரு பிள்ளையின் பேர் கெட்டுப்போகும். ரெண்டில் எது நடந்தாலும் நான் சாகிறவரைக்கும் சோறு இறங்காது.

நீ கேட்டதால் ஒரு வரி எழுதுகிறேன். தேனிக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். நிச்சயத்தை முன்னால் தள்ளியாகிவிட்டது. வருகிற வெள்ளி, வைகாசி முப்பது. பூ, பழம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

உடம்பைக் கவனி.

மச்சான்


ஆண்டிபட்டி,
10.6.2025
ஸ்பீடு போஸ்ட்

மச்சான்,

வெள்ளிக்கிழமை வேண்டாம். எப்படியாவது நிறுத்துங்கள். முத்துவீரனுக்குத் தெரியாமல் நிறுத்த முடிந்தால் நல்லது. நாள் சரியில்லை என்று சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுங்கள். தங்களுக்கு அந்த நடிப்பெல்லாம் வரும். காரணம் கேட்க வேண்டாம். என் அக்காள்மேல் ஆணை.

சுருளி


ஓடைப்பட்டி,
12.6.2025

மாப்பிள்ளைக்கு,

நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

உன் கடுதாசி எப்போதும் மூன்று வாரம் தூங்கிவிட்டு வரும். இந்தத் தடவை நான் போட்ட நாலாவது நாள் வந்து நின்றது. சுயம்புலிங்கம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "அண்ணே, ஆண்டிபட்டியில யாரும் செத்துட்டாகளா?" என்று ஓடிவந்தான்.

யாரும் சாகவில்லை. வெள்ளிக்கிழமை நிச்சயமும் இல்லை. பொய். ஆனி இருபது ஆனி இருபதாகவே இருக்கிறது. உன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கல் எறிந்தேன். குளம் பூராவும் கலங்கிவிட்டது.

இந்த வயசில் உன்னை ஏமாற்றியதற்கு நீ திட்டலாம், திட்டு. ஆனால் இனிமேல் அணை, குழாய், திராட்சை எதுவும் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்த மேடையில் நடந்தது நடிப்பா, நிசமா?

நான் வேல்விழியைக் கேட்கவில்லை. ஞாயிறு, தேனியில் வேலை பார்க்கிற லேபுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் காலுக்குத் தைலம் தேய்த்தாள். கேட்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் அதற்கப்புறம் அவள் என் காலைத் தொட மாட்டாள்.

மச்சான்


ஆண்டிபட்டி,
19.6.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

திட்டுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வந்தபோது கோபம் போய்விட்டது.

நிசம்தான்.

நான் அந்த மண்டபத்துக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து யுவராணி அழுதுகொண்டே சொன்னாள். வேல்விழியும் பாண்டியராஜனும் தேனியில் இரண்டு வருடமாகப் பழகியிருக்கிறார்கள். முறை இருக்கிறது. முறை இருந்தும் கேட்க வாசல் இல்லை. நான் கேட்டால் முத்துவீரன் கதவைச் சாத்துவான். இவர்கள் ஓடிப்போனால் அவன் படுத்துவிடுவான்.

படப்பிடிப்புக்குப் பின்வரிசை ஜோடி வேண்டுமென்று ஆள் தேடியிருக்கிறார்கள். இவர்கள் மூன்று பேரும் போய் நின்றிருக்கிறார்கள். தாலி நம் வீட்டுத் தாலி. மடியில் கட்டிக்கொண்டு போனது. கதாநாயகனுக்கு முடிச்சு போட வராமல் ஏழு தடவை எடுத்தார்களாம். இவர்களுக்கு முதல் தடவையே விழுந்துவிட்டது. மற்ற ஆறு தடவையும் சும்மா கழுத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்களாம். படத்தில் பின்வரிசை தெரிகிற துண்டு அந்த முதல் தடவை எடுத்ததாக இருக்கும். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில், கூட்டத்தின் மேல் அடிக்கிற பெரிய விளக்குகள். உங்கள் யார் கண்ணுக்கும் மேடை தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கோயிலில் வைத்துக் கட்டியிருக்கலாமே என்று நான் யுவராணியைக் கேட்டேன். வேல்விழி அவளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேற எங்கன கட்டுனாலும் எங்கப்பா கையால அட்சதை விழாது. அங்கன விழும்." அவள் கூட்டத்தைப் பார்த்ததாக எழுதினீர்களே, அவள் பார்த்தது முன்வரிசையில் நின்ற தன் அப்பாவை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால், சீர் திரும்பிய கோபத்தில் நானே பேரனை ஏவிவிட்டேன் என்று ஊர் சொல்லும். முத்துவீரனும் அதையே நம்புவான். அந்தப் பயம்தான் மச்சான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஓடைப்பட்டித் தாத்தாவிடம் சொல்லலாம் என்று பாண்டியராஜன் சொல்லியிருக்கிறான். வேல்விழிதான் வேண்டாம் என்றாளாம். தங்களிடம் சொன்னால் ராத்திரிக்குள் டீக்கடைக்குப் போய்விடும் என்றாளாம். வருத்தப்பட வேண்டாம்.

ஆனி இருபதுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. தாங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

சுருளிராஜன்


ஓடைப்பட்டி,
25.6.2025

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். உன் கடுதாசியின் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். டீக்கடை என்று சொன்னாளாமே. எழுபத்தாறு வருசமாக எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என்னையும் ஒரு பிள்ளை சந்தேகப்படும் என்று தோணவே இல்லை. அவள் சொன்னது சரிதான். உன் கடுதாசி வந்த அன்றைக்கு மூன்று தடவை டீக்கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். வாயை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ அதை அவளிடம் சொல்லலாம்.

நேற்று முத்துவீரனிடம் சொல்லிவிட்டேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே மருந்தடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் போனில் அந்தப் படத்துத் துண்டு ஒன்று வைத்திருக்கிறான். அவன் முன்வரிசையில் எழுந்து நின்று ரெண்டு கையாலும் அட்சதை போடுகிற இடம். ஊரில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். அதைப் போடச் சொன்னேன்.

"இந்தத் தடவ ஒம் மூஞ்சியப் பாக்காத. அதுக்கு முந்தி மேடையப் பாரு. பின்னால இடது ஓரம்" என்றேன்.

பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். பதினொரு தடவை எண்ணினேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, இது படம்தானே என்றான். படமாக இருந்தால் அந்த யுவராணி எழுந்து வந்து எதற்கு முடிச்சுப் போட்டாள் என்று கேட்டேன். உன் கடுதாசியில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். வேல்விழி ஏன் அங்கே போனாள் என்பதைக் கடைசியில் சொன்னேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எனக்குத் தெரியாதுல்லய்யா" என்றான்.

"தெரிஞ்சா போட்டிருப்பியாடா?" என்று கேட்டேன்.

எழுந்து மருந்துக் குடத்தைக் கழுவப் போய்விட்டான். ஏற்கெனவே கழுவிய குடம்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரிடமும் பேசவில்லை. மாத்திரை போட்டானா என்று மருமகள் என்னைக் கேட்கிறாள். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். உன் பேரனை டவரில் பார்த்து ஏறச் சொல்.

மச்சான்


ஓடைப்பட்டி,
30.6.2025

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிசமாகவே நலம். பதில் எழுதாதே என்று நான் சொன்னதை வாழ்க்கையில் முதல் தடவையாக நீ கேட்டிருக்கிறாய். அதனால் நானே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. காலையில் முத்துவீரன் வாசலில் நின்று தேனிக்காரருக்குப் போன் பண்ணினான். எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்று பேசினான். சத்தமாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கேட்கும், அவன் சத்தமாகத்தான் பேசினான். "மன்னிச்சுக்கங்க. எங்க தாய்மாமன் வீட்டுல முறை மாப்பிள்ளைக்குப் பொண்ணு கேக்குறாக. முறையில கேக்கும்போது நாங்க மறுக்க முடியாது" என்றான்.

நீ எப்போது கேட்டாய் மாப்பிள்ளை? ஒன்பது வருசமாக நீ இந்தத் தெருவையே மிதிக்கவில்லை. எனக்குத் தெரிந்து என் மகன் முதல் தடவையாகப் பொய் சொன்னான். அதுவும் கூச்சமே இல்லாமல் சொன்னான். நான் வளர்த்த பிள்ளை என்பது அப்போதுதான் தெரிந்தது. தேனிக்காரர் ஏதோ கடுமையாகச் சொல்லியிருப்பார் போல. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

பிறகு வெள்ளை வேட்டி கட்டினான். எங்கே என்று மருமகள் கேட்டாள். தோட்டத்துக்கு என்றான். வெள்ளை வேட்டியில் தோட்டத்துக்குப் போகிறவனை நான் பார்த்ததில்லை. ஆனால் வழி விட்டேன். வடக்கே உன் ஊர்ப் பக்கம் போகிற பஸ்சில் ஏறினான் என்று சுயம்புலிங்கம் சொன்னான்.

பொழுது இறங்குகிற நேரம் திரும்பி வந்தான். வேல்விழியும் கூட இறங்கினாள். தேனியில் ஏறியிருப்பாள் போல. அவள் பையை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் புடவைக்கு வெளியே மஞ்சள் கயிறு தெரிந்தது. மருமகள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வேல்விழி போய் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துவீரனுக்குத் தட்டு வைத்தாள்.

"வேணாம். சாப்புட்டாச்சு" என்றான்.

எங்கே சாப்பிட்டான் என்று நான் கேட்கவில்லை.

உன் மச்சான்
கருத்தக்கண்ணன்